நாயகியைக் குணப்படுத்தாதீர்கள்

"கடைசி அத்தியாயத்துல அவ குணமாயிடணும்," என்றார் ஆசிரியர்.

வார இதழ் அலுவலகத்தில் அவருக்குச் 'சர்க்கரை' என்று பட்டப்பெயர். வியாதி ஒன்றும் இல்லை. எந்தக் கதை வந்தாலும் முடிவில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் அந்த இதழில் தொடர்கதை எழுதுகிறவள். அவளுக்கு ஆட்டிசம். தொடரின் நாயகிக்கும் அதுவேதான்.

"ஆட்டிசம் ஜலதோஷமா சார், குணமாக?"

"வாசகருக்கு மனசு நிறையணும்மா. இத்தனை வாரம் தட்டைத் தூக்கிட்டுத் தனி ரூமுக்குப் போனவ, கடைசியில எல்லார்கூடவும் உக்காந்து சாப்பிட வேணாமா?"

கதையோடு கதையாக அவள் அன்றாட யோசனைகளையும் சொல்லிவந்தாள். சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிளைக் கத்தரிக்காதே, மிச்சம் இன்னும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து எடு. விருந்தாளி வருவதற்கு முன்பே எப்போது கிளம்புவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள், தப்பில்லை. நாலு பேர் மெல்லும் சத்தத்தில் சாப்பாடு இறங்கவில்லையா, தட்டோடு எழுந்து போ.

இந்தக் கடைசி யோசனைக்குத்தான் ஏகப்பட்ட கடிதம். 'இப்போது மாடிப்படியில் சாப்பிடுகிறேன். மாமியார் முணுமுணுக்கிறார். ஆனால் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது' என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். நாயகி மாறிவிட்டால் அந்தப் பெண்ணை மறுபடி மேசைக்கு இழுத்து வந்துவிடுவார்கள். 'கதையிலேயே அவ திருந்திட்டா, உனக்கென்ன?' என்பார்கள்.

சர்க்கரை சும்மா இருக்கவில்லை. முடிவைத் தானே எழுதி, எழுத்தை அடுக்கிப் பக்கம் கட்டும் பெண்ணிடம் கொடுத்து, அச்சுக்கும் தயார் செய்திருந்தார். 'மாமியார் ஊட்டிய கவளத்தைக் கண்ணீர் மல்க விழுங்கினாள். அவளைப் பீடித்திருந்த இருள் விலகியது.'

தொடர் எழுதுகிறவள் அதைப் படித்தாள். ஈ செத்து மிதக்கும் தேனை நக்கச் சொன்னது போல இருந்தது.

"இதுக்கு என் பேரைப் போடாதீங்க."

"சரி, பந்தயம் வச்சுக்கலாம். இன்னிக்கு மத்தியானம் எங்ககூட சாப்பிடுங்க. பாதியில எந்திரிச்சா உங்க முடிவு. கடைசிவரைக்கும் உக்காந்துட்டா என் முடிவு."

எழுந்து வந்துவிட்டால் போதும். இதைவிடச் சுலபமான பந்தயம் உண்டா? ஒப்புக்கொண்டாள்.

சாப்பாட்டு அறையில் ஜன்னல் இல்லை. மேசை விரிப்பை யாரோ நாற்றமெடுத்த துணியால் துடைத்திருந்தார்கள். கை வைத்தால் பிசுக்கென்று ஒட்டியது. அவித்த முட்டை நாற்றத்தின் மேல் ரோஜா வாசனை மருந்தை அடித்து, இரண்டையும் கெடுத்து வைத்திருந்தார்கள். ஒருவர் உறிஞ்சினார். ஒருவர் பல்லிடுக்கைக் குடைந்து, எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினார். சர்க்கரை வாயைத் திறந்தபடியே மென்றார். உள்ளே அரைபட்டதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"இதைக் கொஞ்சம் ருசி பாருங்க." தன் கரண்டியை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, அதாலேயே தன் தட்டிலிருந்து அள்ளி அவள் தட்டில் வைத்தார்.

இப்போது எழுந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. உதடு தானாக விரிந்தது. சிரி, முகத்தைப் பார், தலையாட்டு என்று சின்ன வயதிலேயே மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக் கிள்ளி அம்மா பழக்கிய பழக்கம். எழு என்று மனசு கத்தியது.

"நல்லா இருக்கே, இன்னும் கொஞ்சம் வைங்க," என்றது வாய்.

கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா? மனசு வச்சா முடியுது!" என்றார் சர்க்கரை.

கழுவுமிடத்துக்கு ஓடி அத்தனையையும் வாந்தி எடுத்தாள். பக்கம் கட்டும் பெண் பின்னாலேயே வந்தாள்.

"ஏன்க்கா எந்திரிக்கல? ஜெயிச்சிருக்கலாமே!"

"எந்திரிக்கத் தெரியலடி."

கண்ணாடியில் பார்த்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டை நாற்றத்தைவிட அதுதான் அருவருப்பாக இருந்தது. தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். பிறகு நேரே பக்கம் கட்டும் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"தோத்தது நான்தான் சார். உங்க முடிவையே நான் எழுதறேன். உக்காந்து சாப்பிடுவா, சிரிப்பா, எல்லாரும் கைதட்டுவாங்க. போதுமா?"

"அப்படி வாங்க வழிக்கு!"

ஒரே மூச்சில் எழுதினாள். சர்க்கரை டீயும் கையுமாக நின்று படித்தார்.

'மாமனார் நக்கிய கரண்டி அவள் தட்டில் இறங்கியது. அது வைத்ததை அவள் சிரித்தபடி வாயில் போட்டாள். மென்றும் மென்றும் அது கரையவில்லை. அவருடைய நாக்கையே மெல்வது போல் வழுக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். கழுவுமிடத்தில் அவள் குனிந்தபோது அது முழுசாகத் திரும்பி வந்தது. மறுநாள் அவள் யாரிடமும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.'

வாய்க்குப் போன டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"கருமம்! இதைப் படிச்சா எவனுக்கும்மா சோறு இறங்கும்?"

"அவளுக்கு இறங்கல சார். அதைத்தான் எழுதியிருக்கேன்."

"வெட்டு," என்றார், பக்கம் கட்டும் பெண்ணிடம்.

"எதை சார் வெட்டறது? உக்காந்தா, சாப்பிட்டா, சிரிச்சா. நீங்க கேட்டது எல்லாம் இருக்கு. அந்த வாந்திய வெட்டினா பக்கத்துல பாதி காலி. அச்சகத்துக்காரர் ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டார்," என்றாள் அந்தப் பெண்.

சர்க்கரை வாயைத் துடைத்துக்கொண்டார். எழுதியவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "அந்தக் கரண்டிய மட்டுமாவது எடுத்துடும்மா. வீட்ல படிப்பாங்க."

"எடுக்க மாட்டேன்."

பக்கம் அச்சுக்குப் போனது. தனக்கு வந்த டீயை அவள் தொடவில்லை. முதலில் வீட்டுக்குப் போய்ப் பல் விளக்க வேண்டும், சந்தோஷமெல்லாம் அப்புறம்.