கணக்கில் வீடுள்ளவன்

"கட்டிலக் கீழ வெக்காதீங்கடா! அப்படியே ஊட்டுக்குள்ள தூக்கினு போங்க!"

பூவம்மாள் போட்ட சத்தத்தில் தூக்கி வந்தவர்கள் இரண்டடி முன்னே நடந்தார்கள். அதற்குள் அவள் தம்பி குப்புராஜ் வாசற்படியில் ஏறி, நிலையில் இரண்டு கைகளையும் ஊன்றி மறித்துக்கொண்டான்.

"வெளிய செத்த பொணத்த ஊட்டுக்குள்ள ஏத்துற வழக்கம் கெடையாதுக்கா. பந்தல்லயே கெடக்கட்டும்."

கட்டிலில் கிடந்தவன் இவர்களுடைய அண்ணன் ராஜமாணிக்கம். பட்டாளத்தில் இருந்து, அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டையையும் பார்த்துத் திரும்பியவன். அந்த வீடே அவன் அனுப்பிய பணத்தில் எழும்பியதுதான். குடிக்கிறான், தூக்கத்தில் அலறுகிறான், பிள்ளைகள் பயப்படுகின்றன என்று சொல்லிச் சொல்லியே குப்புராஜும் அவன் பெண்டாட்டி செல்வியும் அவனைத் துரத்திவிட்டார்கள். அப்புறம் புதுவாயல் கூட்டுரோட்டில் டயர் கடைத் தாழ்வாரம்தான் அவனுக்குப் படுக்கை. இன்று காலை கடை திறக்க வந்தவர்கள் எழுப்பிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை.

உயிரோடு ஏற விடாத படியில் பிணமாகவாவது அவன் ஏற வேண்டும். அதற்குமேல் பூவம்மாள் எதுவும் கேட்கவில்லை.

மாலையோடு மோசஸ் வாத்தியார் வந்தார். போன வருஷம், இருக்க இடமில்லாத மாஜி பட்டாளத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று சர்க்காரில் எண்ணச் சொன்னார்கள். இந்தப் பக்கத்துக்கு அவர்தான் போனார். பட்டாளத்தில் கொடுத்திருந்த விலாசங்களை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் வீடில்லாதவனைத் தேடிய கூத்து அது! எந்த வீட்டில்தான் "துரத்திட்டோம்" என்று சொல்வார்கள்?

"வாத்தியாரே, அன்னிக்கு இவன் உங்களாண்ட இன்னா சொன்னான்?" என்று தம்பியைக் காட்டிக் கேட்டாள் பூவம்மாள்.

மோசஸ் மாலையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணன் இங்கதான் கீறாரு, உள்ள தூங்குறாருன்னாரும்மா. நானும் அப்படியே எழுதிட்டேன். நம்ம பக்கத்துல ஊடில்லாத பட்டாளத்துக்காரன் ஒருத்தன்கூட இல்லன்னு மேல போயிடுச்சி."

"இல்லாதவனுக்கு மனை குடுக்கத்தான எண்ணுனாங்க? அதுலயும் மண்ணு." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "உசுரோட கீறப்ப உள்ள கீறான்ன. செத்தப்பறம் வெளியாளா? எதுனா ஒண்ணு சொல்றா!"

"மானம் போவுமேன்னு சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ? அவ்ளோ அக்கறையா இருந்தா உன் ஊட்டுக்குத் தூக்கினு போயேன்!"

கூடியிருந்த பெரியவர்களும் பந்தலையே காட்டினார்கள். வழக்கம் குப்புராஜ் பக்கம் இருந்தது. பந்தலிலேயே குளிப்பாட்டி, பந்தலிலிருந்தே ராஜமாணிக்கத்தை எடுத்துப் போனார்கள்.

தெருமுனைவரை போய்த் திரும்பிய பூவம்மாள், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். செல்வி குடம் நிறையத் தண்ணீரோடு வந்தாள். சாவு எடுத்த வீட்டைக் கழுவிவிடாமல் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள்.

"வழி உடுங்க அண்ணி. ஊடு கழுவணும்."

"இன்னாத்துக்கு? இந்த ஊட்டுல யாரு செத்தாங்க?"

செல்வி குடத்தைக் கீழே வைத்தாள்.

குப்புராஜ் ஈர வேட்டியோடு சுடுகாட்டிலிருந்து திரும்பியபோதும் பூவம்மாள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் குடம் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அவளுக்குப் பின்னால் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது.