தரையிறங்கு பற்சக்கரம்

எங்கள் விமான நிலையத்தில், கலைச்சொல் குழு ஒரு பெயருக்கு முத்திரையிட்டதும் அந்தப் பொருள் பெயருக்கு ஏற்றபடி மாறிவிடும். காக்பிட்டைச் ‘சேவல்குழி’ ஆக்கியதிலிருந்து விமானிகள் சேவல்களுக்கு இறைக்கச் சட்டைப்பையில் கம்பு தானியம் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். நான் குழுவின் தட்டச்சர்.

அன்று காலை குழுத் தலைவர் முனைவர் தணிகாசலம் ‘லேண்டிங் கியர்’ என்ற சொல்லை எடுத்தார். அவர் எந்த விமானத்தையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. அகராதியைப் பார்த்தார். ‘தரையிறங்கு பற்சக்கரம்’ என்றார். தப்பு, அது விமானம் இறங்கி ஓடும் சக்கரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். பத்து மணிக்கு முத்திரை விழுந்தது.

பத்தே காலுக்குப் பராமரிப்புப் பொறியாளர் செல்வகனி மேடம் கிரீஸ் கையோடு உள்ளே வந்தார்.

“மேல ஒரு விமானம் சுத்திக்கிட்டு இருக்கு. எழுபத்திரண்டு பேர். சக்கரம் இருந்த இடத்துல கடிகாரத்துக்குள்ள இருக்கிற மாதிரி பல்லு பல்லா இருக்கு. யாரு வச்ச பேரு?”

“சொல்லுக்குச் சொல் சரியான பெயர்,” என்றார் தலைவர்.

“சொல்லு மேலயா சார் வந்து இறங்குவாங்க? இருபது நிமிஷத்துக்குத்தான் ஃபியூல் இருக்கு. சக்கரம்னு மாத்துங்க.”

“சக்கரத்தைச் சாப்பாட்டுத் தள்ளுவண்டிக்கு ஒதுக்கியாகிவிட்டது. திருத்தமெல்லாம் தை மாதக் கூட்டத்தில்தான்.”

செல்வகனி தலைவர் கையிலிருந்த முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, கால்னு அடிங்க.”

தலைவர்மேல் இருந்த கோபமும் என்மேல் இருந்த கோபமும் சேர்ந்து, நான் அடித்த அடியில் காகிதம் கிழிந்தது. கிழிசலின் மேலேயே செல்வகனி முத்திரையைக் குத்தினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். விமானம் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு இறங்கியது. முழங்காலை மடக்கி ஊன்றியது. ஓடுபாதை முழுக்க நொண்டியடித்து, கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றது. எழுபத்திரண்டு பேரும் இறங்கினார்கள். ஏணி அடியில் ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். செல்வகனி எண்ணி முடித்துவிட்டு, கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பன்மை விகுதி போடவில்லை,” என்றார் தலைவர். “அதனால்தான் ஒரே கால். நாளைக்கு நீங்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.”

செல்வகனி முத்திரையோடு என் மேசைக்கு வந்தார்.

“அண்ணே, தலைவருக்குப் பட்டியல்ல என்ன சொல் போட்டிருக்கு?”

“இன்னும் எதுவும் போடல மேடம்.”

“நாற்காலின்னு போடுங்க.”

அடித்தேன். முத்திரையிட்டார். பிறகு தலைவர் மேலேயே உட்கார்ந்தார். முதுகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்றார்.