1147-ஆவது நாள்

முதல் அறை கன்னத்தில் விழுந்தபோது ஞானசெல்வியின் கையில் காப்பித் தம்ளர்கள் அடுக்கிய தட்டு இருந்தது. தம்ளர்கள் அடுக்களைத் தரையில் உருண்டு நாலாபக்கமும் ஓடின. முற்றத்தில் பந்தலுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தட்டு கைதவறிய சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

"செல்லு மைனி," என்றான் ரிஜோ. செத்துப்போன பெனிட்டோவின் தம்பி அவன். "நேத்து மெயின அமத்துனியா, இல்லியா?"

"அமத்துனேன்."

இரண்டாவது அறையில் அவள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. ரிஜோ மட்டும் பைக்கில் முன்னால் வந்திருந்தான். பிணப் பரிசோதனை செய்த டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளங்கை எலும்பு வரைக்கும் கருகியிருக்கிறது, கரண்டு ரொம்ப நேரம் பிடித்திருக்கிறது, வீட்டில் ஆள் யாரும் இல்லையா என்று கேட்டாராம். வழி நெடுக அந்தக் கேள்வியை மென்றுகொண்டே வந்தவன், வண்டியை நிறுத்தியதும் நேராக அடுக்களைக்கு வந்துவிட்டான்.

நேற்று மூன்று மணிக்குமேல் நடந்ததை ஞானசெல்வி எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தாள். போலீஸ்காரரிடமும் பங்குச் சாமியாரிடமும் அதையேதான் சொன்னாள். அவர் அலறியதும் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரிஜோ அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அழுத்திய கை சட்டென்று நின்றது. அவனுக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. குரல் இறங்கியது.

"அண்ணனுக்க கம்ப்யூட்டரு ஓடுதா?"

ஞானசெல்வி படுக்கையறைப் பக்கம் பார்த்தாள்.

பெனிட்டோ துபாயில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் பதினோரு வருடம் இருந்தவன். வேலை போய் ஊருக்கு வந்த பிறகு அவனுக்கென்று மிஞ்சியது படுக்கையறை மேசையில் இருந்த அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அதை அணைக்கவே மாட்டான். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று திரையில் பச்சை எழுத்தில் பெரிதாக ஓடும். தினமும் காலையில் அந்த எண்ணைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். சொந்தக்காரர்கள் கட்டைவிரலை உயர்த்துவார்கள்.

அந்த எண் எந்த நாளில் பூச்சியத்திலிருந்து தொடங்கியது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஞானசெல்விக்குத் தெரியும். அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த அஜிதா, ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட உடுப்பைத் தேய்க்க, விவரமில்லாமல் அதன் பிளக்கை உருவிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். பெனிட்டோ மகளின் வலது கையைப் பின்னால் முறுக்கினான். தேங்காய் மட்டையை முறிக்கும் சத்தம் கேட்டது. மூன்று மாதம் கட்டுப்போட்டும் அந்த முழங்கை பிறகு நேராகவே இல்லை. ஒவ்வொரு காலையும் குழுவில் எண் வரும்போது ஞானசெல்வி அதை மகளின் கை ஒடிந்த கணக்காகத்தான் வாசித்தாள்.

நேற்று வந்தது 1146. அதன் கீழேயே பெனிட்டோ எழுதியிருந்தான்: யூபிஎஸ் பேட்டரி போச்சு, ஒரு நொடி கரண்டு நின்னாலும் ஆஃப் ஆயிரும், மெயினை அமத்தாமலே இன்வெர்ட்டர் லைன் இழுக்கப்போறேன். ரிஜோவும் கட்டைவிரல் போட்டிருந்தான்.

"நீ மெயின அமத்தியிருந்தா, அந்தப் பெட்டி அப்பமே செத்திருக்கும். திரும்பப் பூச்சியத்துலேருந்து ஓடியிருக்கும்," என்றான் ரிஜோ. "வா, பாப்போம். இன்னைக்கு ஆயிரத்தி நூத்தி நாப்பத்தேழுன்னு நின்னுச்சுன்னா, ஏட்டி, எனக்க அண்ணன் வந்து எறங்குததுக்குள்ள உன்னையும் அவன்கூடப் படுக்க வைப்பேன்."

தேங்காய்த் திருவலைக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டான். மற்றக் கையில் அவள் தலைமுடி இருந்தது.

அடுக்களையிலிருந்து படுக்கையறைக்குப் பத்து எட்டுகூட இருக்காது. இழுபட்டுப் போகையில் நடைச்சுவரில் அந்தப் பழைய மெயின் சுவிட்ச் கண்ணில் பட்டது. நேற்று அவள் கை அதன் பிடியில்தான் இருந்தது. மெயின்ல கைவச்சா மகளுக்கு ஒடிச்ச மாதிரி உனக்கும் ஒடிப்பேன் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் அவன் ஸ்டூலில் ஏறினான். கரண்டு பிடித்ததும் ஒருமுறை அலறினான். பிறகு சத்தம் வரவில்லை. திறந்த கதவு வழியாக அவன் கண்கள் அவளையே பார்த்தன. இரும்புப் பிடியின் குளிர்ச்சி அவள் உள்ளங்கைக்குள் ஏறியது. வாய் தானாக அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கியது. பாதியில் விடவில்லை, ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தாள். அப்புறம்தான் ஸ்டூல் சரிந்து, கம்பி கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு, அவன் தரையில் விழுந்தான். பிடி அசையவே இல்லை.

ரிஜோ உதைத்த உதையில் கதவின் கொண்டி தெறித்தது.

உள்ளே கட்டிலில் அஜிதா உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கல்யாணக் கோட்டு அவள் மடியில் இருந்தது. சவப்பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட வேண்டும் என்று அத்தைகள் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். வெட்டுகத்தியையும் அம்மாவின் வாயில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

ரிஜோ திரைமுன் குனிந்தான். ஞானசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைமுடியைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. கண்ணைத் திறந்தாள்.

நாள் 0. மணி 19. நிமிடம் 40.

ரிஜோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கத்தியை மேசையில் வைத்துவிட்டு விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணினான். இன்னொரு தடவையும் எண்ணினான். நேற்று மூன்றேகாலுக்குத்தான் போய் நின்றது, அண்ணன் விழுந்த வாக்கில்.

"மூணேகாலு," என்றான். அப்படியே அண்ணனின் நாற்காலியில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தான்.

"இத மட்டும் அண்ணன் உயிரோட இருந்து பாத்திருந்தா, உங்களக் கொன்னுருப்பான் மைனி," என்றான்.

அவன் போன பிறகும் ஞானசெல்வி சுவரில் சாய்ந்தே நின்றாள். நேற்று மூன்றேகால் வாக்கில் பெனிட்டோவை ஆட்டோவில் தூக்கிப்போட்டபோது அஜிதா வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. கூட ஏறு மக்கா என்று தான் கதறியதற்கு, நீ போம்மா, நான் வீட்டப் பாத்துக்கிடுதேன் என்றாள் மகள். எங்கேயிருந்து வந்து நின்றாள், எப்போதிருந்து நின்றாள் என்று அப்போது யோசிக்க முடியவில்லை.

"மக்கா…"

"வாயக் கழுவும்மா. ஆளு வருதாவ," என்றாள் அஜிதா.

தெருமுனையில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. குருசடிக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. முற்றத்தில் பெண்கள் ஓங்கி அழுதார்கள்.

அஜிதா கோட்டை மேசையில் விரித்தாள். வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்த மடிப்பு அதில் விழுந்திருந்தது. குனிந்து கம்ப்யூட்டரின் பிளக்கை உருவினாள். திரை கறுத்தது. அதே பாயின்டில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, கோட்டின் வலது கையை மேசையில் நீட்டிவைத்து, மடங்கிய தன் முழங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடேறவில்லை.