பிடிப்புள்ள டயர்

சலவைக்கடைக்காரரின் வேன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதப்பதை முதலில் கண்டது பூனை. வழக்கம்போல முன்சக்கரத்தில் சாய்ந்து படுக்கப் போன அது, சக்கரத்துக்கு அடியிலேயே நுழைந்து மறுபக்கமாக வெளியே வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் டயரில் காற்று அதிகமாகிவிட்டது என்றார். அது தவறு. டயர் நான்கும் மொட்டையாகிப் பல மாதம் ஆகியிருந்தது. பிடிப்பு குறைந்தால் வண்டி மேலே போகும், அவ்வளவுதான். ஈரத்துணி மூட்டைகளை ஏற்றினால் தரைக்கு வந்தது. துணியை இறக்கியதும் காற்றடித்த பக்கம் நகர்ந்து, ஒரு முறை மருந்துக்கடைப் பலகையில் போய் மெல்ல உட்கார்ந்தது.

துணிக்காக மட்டும் என்றால் சலவைக்கடைக்காரர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். அதே வேனில்தான் அவருடைய அக்கா டயாலிசிஸுக்குப் போய்வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக முதலில் தார்ச்சாலை, பிறகு ஜல்லி, கடைசியில் வாய்க்கால் ஓரக் களிமண். மழை பெய்தால் அந்தக் களிமண்ணில் வேறு எந்த வண்டிக்காரரும் இறங்குவதில்லை. ஒரு தடவை தவறினாலும் அக்காவுக்கு நீர் நெஞ்சுவரை ஏறிவிடும். தினமும் காலையில் தம்பி அக்காவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வெளியே போய் அதே விரலால் டயரை அழுத்துவார். இரண்டில் எது தன்னை அதிகம் பயமுறுத்தியது என்று அவருக்கே நிச்சயமில்லை.

டயர்கடைக்காரி அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பிடிப்பு வேணுமாண்ணே, உழைப்பு வேணுமா?" என்றாள்.

"ரெண்டும்தாம்மா."

"மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி கேக்குறீங்களே. கெட்டி ரப்பர் வருஷக்கணக்கா உழைக்கும், ஈரத்துல வழுக்கும். மெத்து ரப்பர் களிமண்ணக் கவ்வும், ஜல்லி அதத் தின்னுடும்."

அவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். திரும்பி வந்து டயர்களின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கெட்டியைச் சொல்லிவிட்டு வாசல்வரை போய், திரும்பி மெத்து ரப்பரைச் சொன்னார். கடைசியில் அவளே பொறுமையிழந்து உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டி வந்தாள். ஆழமான பள்ளம், தடித்த பக்கச்சுவர், மூன்று சாலைக்கும் ஒத்துவரும். "ஒண்ணே ஒண்ணு, இதுக்குப் பிடிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு இடம் பிடிச்சுப்போச்சுன்னா கிளப்புறது உங்க பாடு." அவர் அதை வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

அதே ரகத்தில் நான்கு டயரும் மாட்டியதும் வண்டி தரையில் அழுந்தி நின்றது. துணி எடுக்கப் போன நாட்களில் ஒரு குறையும் இல்லை. அக்காவின் முறை வந்த நாளில் மழை பெய்தது. அக்கா ஏறி உட்கார்ந்து, "சரி, போறேன்," என்றார். எஞ்சின் உறுமியது; சக்கரம் அசையவில்லை. தெருவே கூடித் தள்ளியது. அப்போதும் வண்டி தெருவை விடவில்லை. தெருவும் சேர்ந்தே நகர்ந்து, தையல்காரரின் வாசற்படி ஒரு அடி முன்னால் வந்துவிட்டது. ஜாக்கி வைத்தால் தார் பிசினாக எழும்பியது. அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தம்பி கணுக்காலை அழுத்தினார். குழி நிரம்பவே இல்லை.

குடையோடு வந்த டயர்கடைக்காரி டயரைப் பார்க்கவில்லை. "கிளம்புறப்ப யாரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வண்டிகிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார் தம்பி. ஆனால், ஸ்டீயரிங்கைத் தொடும்போதெல்லாம் 'போயிட்டு வரேன்' என்று தான் முணுமுணுப்பது அவருக்கு நினைவு வந்தது. அக்கா ஏறும் நாட்களில் மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. சொல்வது அக்காவின் முறை.

"போறேன்னு சொன்னேன்," என்றார் அக்கா. "போறவ வேற என்ன சொல்வா?"

நோய் வந்ததிலிருந்து அக்கா அப்படித்தான் சொல்லிவந்தார். பழைய டயர் தேயத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். அந்தச் சொல்லைத் திருத்தத் தம்பிக்குத் துணிவு வரவில்லை. புது டயர் அதை அப்படியே நம்பி, அவரைப் போகவிட மறுத்துவிட்டது.

"அக்கா, ஒழுங்கா சொல்லு."

"வருவேனா இல்லையான்னு தெரியாம எப்படிடா சொல்றது? பொய் சொல்லச் சொல்றியா?"

"எனக்காக வேணாம். டயருக்காகச் சொல்லு."

அக்கா ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். கொடியில் காயாத புடவை ஒன்று நனைந்துகொண்டிருந்தது. "அத உள்ள எடுத்துப் போடுங்க," என்றார் தையல்காரரிடம். "வந்து கட்டிக்கணும்." பிறகு கொஞ்சம் எரிச்சலோடு, "போயிட்டு வரேன்," என்றார்.

ஒட்டுப்பிளாஸ்திரி உரிவதைப் போன்ற சத்தத்தோடு வண்டி தெருவை விட்டது. களிமண்ணில் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. சாயங்காலம் அக்கா வந்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருடங்கள் பல ஆகிவிட்டன. டயரின் பள்ளம் தேயவில்லை. வேனில் ஏறும் எல்லோரும், வண்டிச் சோதனைக்கு வரும் அதிகாரி உட்பட, 'போயிட்டு வரேன்' என்று சொல்லியே ஏறுகிறார்கள். தையல்காரரின் படி இன்னும் ஒரு அடி முன்னால்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் காலை எட்டி வைக்கப் பழகிவிட்டார்கள். அக்கா போய்ப் போய் வருகிறார்.