ஸ்காவோ கடலில் பதினொரு பேர்

1942 ஏப்ரல் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள ஸ்காவோ கிராமத்துப் படகுத்துறையிலிருந்து முந்நூறு கஜம் தள்ளி, பதினொரு பேர் மார்புவரை தண்ணீருக்குள் நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தார்கள். முந்தைய நாள் மாலை அங்கே யாரும் இல்லை. எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது, ஒவ்வொருவர் வாயிலும் ஒரு விசில் உதட்டோடு உறைந்துபோயிருந்தது. மூச்சு வெளியே வரும்போதெல்லாம் அது மெல்லிசாகக் கூவியது. அலை ஏறினால் அவர்களும் ஏறினார்கள், இறங்கினால் இறங்கினார்கள். கடல் வற்றும்போது வெளியே போகவும் இல்லை, கடல் ஏறும்போது கரைக்கு நெருங்கவும் இல்லை. அன்று ஸ்காவோவில் முட்டை டஜன் இரண்டு ஷில்லிங்குக்குப் போனது.

படகுக்காரர் ராஸ்மி டல்லக்தான் முதலில் போனார். ஆறு துடுப்புப் படகில் ஒரு மணி நேரம் வலித்தும் அந்தப் பதினொரு பேருக்கும் படகுக்கும் நடுவே இருந்த தண்ணீர் குறையவில்லை. திரும்பிவர நாற்பது வலிப்பே போதுமாக இருந்தது. மறுநாள் கடற்படையின் இயந்திரப் படகு வந்து இரண்டு மணி நேரம் எண்ணெயை எரித்தது. அதிலிருந்த இளம் அதிகாரி தன் அறிக்கையில் மூடுபனி என்று எழுதிவிட்டு, கறி சூப் குடித்துவிட்டுப் போனான். தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம்.

அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்ற கேள்வி வந்தபோது ஊர் முழுக்க நெஞ்சு குறுகுறுத்தது. அவரவருக்கு அவரவர் செய்தது ஞாபகம் வந்தது. ராஸ்மி தானாகவே முன்வந்து, ஜனவரியில் கரை ஒதுங்கிய மண்ணெண்ணெய்ப் பீப்பாய் இரண்டையும் அரசாங்கத்துக்குச் சொல்லாமல் கொட்டகையில் உருட்டி வைத்ததை ஒப்புக்கொண்டார். தபால்காரி மூன்று வருடமாக எல்லோருடைய கடிதத்தையும் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்ததைத் தேவாலயத்தில் எழுந்து நின்று சொன்னாள். அது எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதில் அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அந்த வசந்தத்தில் ஸ்காவோவில் யாரும் யாருடைய ஆட்டையும் தன் மந்தையோடு சேர்த்து ஓட்டவில்லை. பாலில் தண்ணீர் கலப்பதும் நின்றது. பதினொரு பேர் மட்டும் அப்படியே விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

வாய் திறக்காதவன் ஒருவன்தான். பெயர் கிடியன் ஹால்க்ரோ. வயது முப்பத்தொன்று, சரக்குக் கப்பலில் மாலுமி. கால்விரல் மூன்று குளிரில் கருகி, வேலைக்கு ஆகமாட்டான் என்று சீட்டு எழுதப்பட்டு, ஒன்பது நாள் முன்னால்தான் வீடு திரும்பியிருந்தான். அந்தப் பதினொரு பேரும் யாரைத் தேடி வந்தார்கள் என்று ஸ்காவோவில் அவனுக்கு மட்டும் தெரியும். எப்போது பார்த்தாலும் அவர்கள் முகம் அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்தே இருந்தது.

மார்ச் மாதம் அட்லாண்டிக்கில், போர்க்கப்பல் காவலோடு முப்பத்தெட்டுச் சரக்குக் கப்பல்கள் வரிசை வரிசையாகப் போன கான்வாயில், கிடியனின் கப்பல் தன் வரிசையில் கடைசி. மீட்புக் கப்பல் இல்லாத கான்வாயில் வரிசையின் கடைசிக் கப்பல்தான் நின்று, தண்ணீரில் கிடப்பவர்களை ஏற்ற வேண்டும் என்பது முறை. நின்ற கப்பல் எதிரி நீர்மூழ்கியின் அடுத்த குண்டுக்குத் தானே மார்பைக் காட்டின மாதிரி என்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்று விடியும் நேரத்தில் முன்னால் போன கப்பல் இரண்டாகப் பிளந்து ஏழு நிமிடத்தில் மூழ்கியது. கிடியன் மேல்தளத்தின் இடது கோடியில் காவல் நின்றான். காவல்காரன் கண்டதை உரக்கச் சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் அதிகாரி எதையும் செய்வார். அவன் சொல்லாதது அந்தக் கடலில் இல்லை. அதுதான் அந்த வேலையின் வழக்கம்.

இரண்டாம் அதிகாரி கோகோ கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இடப்பக்கம் ஏதாவது தெரியுதா, ஹால்க்ரோ?"

முந்நூறு கஜத்தில் பதினொரு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே பதினொரு முகங்களும் தெரிந்தன. கிடியன் தொலைநோக்கியைக் கீழே இறக்கினான்.

"ஒன்னும் இல்ல சார்."

"உன் கண்ணுக்கே தெரியலைன்னா இல்லைதான்" என்றார் அதிகாரி. கப்பல் நிற்கவில்லை. விசில் சத்தம் அதிகாரிக்கும் கேட்டிருக்கும் என்று கிடியன் பின்னாளில் பலமுறை தனக்குச் சொல்லிப் பார்த்தான். அதனால் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ராஸ்மி அவனைத் துறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "டேய் கிடியா, அந்தக் கரையில மேயிற ஆட்டோட காதுல வெட்டின அடையாளத்தப் பார்த்தே யாரு வீட்டு ஆடுன்னு சொல்ற பய நீ. இவங்க மூஞ்சி தெரியலைன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."

"தெரியுது. நம்ம ஊரு ஆளுங்க யாரும் இல்ல."

அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ஸ்காவோ ஆட்கள் இல்லையென்றால் வேறு ஊர் ஆட்களாக இருக்கலாம் அல்லவா? மே மாதத்திலிருந்து, கடலில் பிள்ளையைத் தொலைத்த பெண்கள் போட்டோவை எடுத்துக்கொண்டு எல்லாத் தீவுகளிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். கிடியன் துறை முனையில் நின்று போட்டோவைப் பார்ப்பான், பிறகு கடலைப் பார்ப்பான், பிறகு இல்லையென்று தலையாட்டுவான். முப்பத்தாறு பேருக்கு அப்படிச் சொன்னான். முப்பத்தாறும் உண்மை. அவர்கள் அழுதுவிட்டு நன்றி சொன்னார்கள், அவன் மனைவி ஆஸ்லா கையில் வெண்ணெயும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிடியன் இரவில் தூங்கவும் ஆரம்பித்திருந்தான். தன்னாலும் நாலு பேருக்கு உபகாரம் என்றுகூட நினைக்கத் துணிந்தான். அதை நினைத்தால் அவனுக்குப் பிற்காலத்தில் காதெல்லாம் சுடும்.

முப்பத்தேழாவதாக வந்தவள் யெல் தீவின் கிர்சி மோவட். அறுபது வயது. இரண்டு படகு மாறி, கடைசி ஏழு மைல் நடந்து வந்திருந்தாள்.

"தம்பி, இவன் என் கடைசிப் பையன் லௌரி. இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். வேலியத் தாண்டறேன்னு விழுந்தான். அவசரமில்ல, நிதானமாப் பாரு."

நிதானமாகப் பார்க்கத் தேவையே இல்லை. இடமிருந்து நாலாவது ஆள். புருவத் தழும்பில் உப்பு படிந்திருந்தது.

"இல்லம்மா" என்றான் கிடியன். "அதுல இல்ல."

கிர்சி போட்டோவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இருந்தா சொல்லியிருப்ப. பாவம், உனக்கும் இதே வேலையாப் போச்சு." பிறகு பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் கையுறையை எடுத்தாள். "அவனுக்குன்னு பின்னினது. உன் கை வெறிச்சுனு கெடக்குதே, நீ போட்டுக்க." அவன் மறுத்தும் விடாமல் தானே மாட்டிவிட்டாள். அளவு சரியாக இருந்தது.

வீட்டுக்குள் வந்தவனை ஆஸ்லா ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கையுறையைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான், அது கழன்று வரவில்லை. கடைசியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மார்ச் மாதத்திலிருந்து அன்று காலை வரை நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். ஆஸ்லா கிளறிக்கொண்டிருந்த கஞ்சியை இறக்கி வைத்தாள்.

"நான் பயந்துட்டேன், ஆஸ்லா."

"பயந்தது கடல்ல. இன்னிக்கி எதுக்குப் பயந்த? அந்தக் கெழவி உன்னை அடிச்சுருவாளா?"

"என்னை என்னன்னு நினைப்பாங்க..."

"அதான பார்த்தேன். அவ படகு ஏறதுக்குள்ள போய்ச் சொல்லு. இல்லன்னா நான் போய்ச் சொல்லுவேன். எம்புருஷன் இப்படின்னு என் வாயால சொல்ல வைக்காத."

படகு வரும் நாள் என்பதால் துறையில் ஊரே நின்றது. கிடியன் நொண்டிக்கொண்டே போய்க் கிர்சியின் முன்னால் நின்றான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கப்பலில் சொல்ல வேண்டிய முறையிலேயே உரக்கச் சொன்னான். இடப்பக்கம் முந்நூறு கஜம், தண்ணீரில் பதினொரு பேர், உயிரோடு. அவர்களில் ஒருவன் லௌரி மோவட். மார்ச்சில் தான் கண்டதாகவும் காணவில்லை என்று சொன்னதாகவும், காலையில் மறுபடியும் அதையே சொன்னதாகவும் சொன்னான். ஸ்காவோவில் அன்றுவரை வெளிவந்த பாவங்கள் எல்லாம் இதன் பக்கத்தில் எள்ளுக்குக்கூடப் பெறாது. ராஸ்மி தன் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தலையில் கை வைத்தபடி நின்றார்.

கிர்சி ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "எவ்வளவு தூரத்துல பார்த்த?"

"இதோ, இதே தூரம்தாம்மா."

"உன்னைக் கூப்பிட்டானா?"

"விசில் அடிச்சாங்க."

அவள் அவன் கையிலிருந்த கையுறையைப் பார்த்தாள். பிறகு "எந்திரிச்சு படகை எடு" என்றாள், அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

கிர்சியையும் ஏற்றிக்கொண்ட படகு நாற்பது வலிப்பில் லௌரியிடம் போய்ச் சேர்ந்தது. கிடியனும் ராஸ்மியும் அவனைத் தூக்கி உள்ளே போட்டார்கள். தாயின் மடியில் தலை பட்டதும் விசில் உதட்டிலிருந்து விழுந்தது.

"இவ்வளவு தூரம் ஏம்மா வந்த" என்று லௌரி கேட்டான். பிறகு கிடியனைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்ட பார்வைதான், கோபம் இல்லை. "அண்ணே, வலது கோடியில ரெண்டு பேரு இருக்காங்க பாருங்க, இந்தியாக்காரங்க, கீழ கரி அள்ளுனவங்க. அவங்களத்தான் மொதல்ல எடுத்திருக்கணும். இந்தக் குளிரு அவங்களுக்குப் பழக்கமில்ல." அதைச் சொல்லிவிட்டு அவன் செத்துப்போனான். யெல் தீவில் அவனுக்கு இப்போது ஒரு கல் இருக்கிறது.

லௌரி வேலை பார்த்த கப்பலின் பெயரை வைத்து மற்றவர்களின் வீடுகளைத் தேட முடிந்தது. ஆஸ்லா சொல்லச் சொல்லக் கிடியன் கடிதம் எழுதினான். மிதப்பவனின் பெயரைச் சொல்லி, அவனைக் கண்டும் காணவில்லை என்று தான் சொன்னதை வீட்டார் எதிரில் சொன்னால்தான் படகு நகரும் என்பது இரண்டாவது ஆளிலேயே தெரிந்துபோனது. பாதியை விழுங்கினால் பாதித் தூரத்தில் நிற்கும். போர் முடிந்து அடுத்த ஒன்பது வருடங்களில் எட்டுக் குடும்பங்கள் வந்தன. கார்டிஃபிலிருந்து வந்த ஒரு தகப்பன் படகிலேயே கிடியனின் மூக்கை உடைத்தார். கடலுக்கு அப்பால் பெர்கனிலிருந்து வந்த ஒரு மனைவி, தனக்கு மொழி சரியாகப் புரியவில்லை, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள், அவன் மெதுவாகச் சொன்னான். ஒருவர்கூட அவனை மன்னித்ததாகச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மிதந்தவர்கள் படகுக்குள் வந்ததும் ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ பேசிவிட்டு நிம்மதியாகச் செத்தார்கள்.

வலது கோடியில் இருந்த இரண்டு பேர் மிஞ்சினார்கள். கிடியன் கப்பல் கம்பெனிக்கு ஏழு கடிதம் போட்டான். 1956இல் பதில் வந்தது. இறந்த மாலுமிகள் பட்டியலின் நகல், ஒன்பது பேருக்கும் பெயர், வயது, முகவரி. கடைசி வரியில் மட்டும், 'இந்தியக் கரியாட்கள், இருவர்.'

அவன் அன்று காலையே படகை எடுத்தான். துடுப்பு ஆஸ்லா கையில் இருந்தது. பெயர் இல்லாததால் படகு ஒரு துடுப்பு நீளத்துக்கு முன்னால் நின்றுவிட்டது, கையை நீட்டினால் எட்டவில்லை. ஒருவனுக்கு நரை, மற்றவனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை.

"இவங்களுக்கும் ஒரு ஆத்தா போட்டோ வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. அவ எந்தத் துறைக்குப் போவா?" என்றாள் ஆஸ்லா.

அவர்கள் பெயர் தெரியாததால் கிடியன் தன் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான், தகப்பன் பெயரைச் சொன்னான், செய்ததைச் சொன்னான். அவன் பேசி முடிக்கும் வரை இரண்டு விசிலும் நின்றிருந்தன. முடித்ததும் மறுபடி ஊதத் தொடங்கின. அதன் பிறகு பதினெட்டு வருடம், கடல் விட்ட நாளிலெல்லாம் போய்ச் சொன்னான்.

கிடியன் 1974இல் நுரையீரல் சளியில் இறந்தான். அவன் இருந்தவரை பட்டியலின் கடைசி வரி அவன் பாடு என்று ஊர்க்காரர்கள் நாங்கள் இருந்துவிட்டோம். அடக்கம் முடிந்து திரும்பியபோது விசில் துறை வரைக்கும் கேட்டது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தபால்காரியின் மகன் படகெடுத்து அந்த இரண்டு பேரிடம் போனான். இப்போது வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துப் போகிறோம். கிடியனின் பெயரை யாரும் சொல்வதில்லை. அவரவர் பெயரைச் சொல்கிறோம்.