திருப்பி அழாதவள்

வெங்கடம்மா தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு ஓடி வந்து, ஓரகத்தி ரெபெக்காளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ரெபெக்காள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவ்வளவுதான். திருப்பி அழவில்லை.

உத்தனப்பள்ளியில் சாவு வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வந்தவள் கட்டி அழுதால் வீட்டுக்காரியும் கூடச் சேர்ந்து அழ வேண்டும், அதுதான் மரியாதை. செத்துக் கிடப்பவன் கட்டின புருஷன் என்றால் கேட்கவே வேண்டாம். வெங்கடம்மா கையை விலக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூடியிருந்த பெண்களும் பார்த்தார்கள்.

காலையில்தான் உயிர் போனது. பன்னிரண்டு நாள் காய்ச்சல். ஊருக்கு அவன் ஆஞ்சப்பன். மூன்று வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து சபைப் பதிவேட்டில் ஆபிரகாம். நான் போகிற இடம் எனக்குத் தெரியும், நீ மாரடித்து அழக் கூடாது என்று நேற்று அவள் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தான். வாங்குகிறவர்களுக்கென்ன, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இவள் காலையிலிருந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவனுடைய அண்ணன், வெங்கடம்மாவின் புருஷன் கங்கப்பன் வந்தார். தம்பி கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த நாளில், இனி அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஊரறியச் சொன்னவர். இப்போதும் மிதிக்கவில்லை. வெளியே நின்றபடியே மருந்து சீசாவைக் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"புருஷன் செத்துக் கெடக்குறான், இவ கண்ணுல ஒரு சொட்டு இல்ல. இன்னாத்த குடுத்தேன்னு சொல்லு."

மிஷன் ஆஸ்பத்திரி மருந்துதான், மூன்று வேளை, வேறொன்றும் இல்லை என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணியகாரருக்கு ஆள் அனுப்புகிறேன், போலீஸ் வரட்டும், அறுத்துப் பார்க்கட்டும், அதுவரைக்கும் பிணத்தை யாரும் தொடக் கூடாது என்றார். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் மூங்கிலைக் கீழே வைத்தார்கள்.

ரெபெக்காள் பிணத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த உடம்பை அறுப்பார்களா? வெங்கடம்மா காதோரம் குனிந்தாள்.

"ஒரு தரம் வாய்விட்டு அழுதுடுடி. அவரு அடங்கிடுவாரு. ஒடம்பாவது தப்பிக்கும்."

எவ்வளவு சுலபம். வாயைத் திறந்தால் போதும், நடிக்கக்கூட வேண்டியதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மனப்பாடமாகத் தெரிந்த ஜெபமெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது. ஆண்டவரே, என்னைப் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பயம் போகவில்லை. ஆனால் எழுந்து நிற்கலாம் என்று பட்டது. இப்போதைக்கு அது போதும் என்றிருந்தது.

கண்ணைத் திறந்தபோதுதான் கங்கப்பனைப் பார்த்தாள். படியை மிதிக்காமலே, கழுத்தை எட்டி உள்ளே தம்பி முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வராத மனுஷன். அவர் மேல் இருந்த கோபம் அவளுக்கு அந்த இடத்திலேயே வற்றிப்போனது. எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மாமா, அழ மாட்டேன்னு வாக்குக் குடுத்தவ நானு. நீங்க குடுக்கல. அண்ணன் வந்துச்சா, அண்ணன் வந்துச்சான்னுதான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. உள்ள வந்து அழுங்க. அப்புறமா போலீசக் கூப்புடுங்க. நான் எங்கியும் ஓடிப்போவ மாட்டேன்."

சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கங்கப்பன் வாசப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி நடந்தாரானால் நேரே மணியகாரர் வீட்டுக்குத்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வெகுநேரம் கழித்து சீசாவை வெங்கடம்மாவிடம் நீட்டினார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தத் தாழ்ந்த வாசல் நிலைக்குக் குனிந்து உள்ளே போனார்.

தம்பி என்று ஒரு சொல் கேட்டது. அதற்குப் பிறகு சொல் எதுவும் இல்லை, வெறும் சத்தம்தான். வெளியே மூங்கிலைத் திரும்ப எடுத்தார்கள்.

காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்த சபை உபதேசியார் ராயக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். புழுதியைத் தட்டிவிட்டு, வாசலில் நின்று பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். ஆரம்பிக்கலாமா என்று ரெபெக்காளைப் பார்த்தார். உள்ளே கங்கப்பனின் அழுகை இன்னும் ஓயவில்லை. அவள் இப்போது வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, வெயிலிலேயே காத்து நின்றார்.