மாற்றுக் கட்டைகள்

மழை விட்ட இறக்கத்தில், பயணப் பைகள் கனத்த சுகன்யாவின் சைக்கிள் பிரேக்குக்கு அடங்காமல் ஓடியது. காலைத் தேய்த்து, ஒருவழியாக மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினாள். பிரேக் ரப்பர் முழுக்கத் தேய்ந்திருந்தது. நல்லவேளை, மாற்று பிரேக் கட்டைகள் பையில் இருந்தன.

எடுத்தவள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு சைக்கிள்களுக்கானவையும் அவளிடமே இருந்தன.

“மலைப்பூண்டு வாங்காம எறங்குனா அம்மா வையும், பிள்ள” என்று காலையில் மேலே கவுஞ்சி ஊரில் கணவன் கோகுல்ராஜ் சிரித்திருந்தான். அந்தப் பாழாய்ப்போன பூண்டுக்கு இடம் பண்ணத்தான் தன் கட்டைகளை இவள் பையில் திணித்தான். கூடாரமும் அடுப்பும் ஏற்கெனவே அவன் சைக்கிளில்தான். பாரம் கூடியவன் முன்னால் போய்விட்டான்.

“ஏங்க! நில்லுங்க!”

சைக்கிளைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

வளைவு திரும்புமுன்பே, நசுங்கிய பூண்டின் வாசம் வந்தது.